பந்து எடுத்த முடிவு

பிப்ரவரி 3

அன்புள்ள வக்கீலுக்கு,

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரிக்குத் தலைவலி போயிற்றா, இல்லை நீ இன்னும் வீட்டில்தான் இருக்கிறாயா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறது. போனில் நான் "சாப்பிட்டியா?" என்பேன். நீ "ஏன், சாப்பிடாதவன் குரல் மாதிரி இருக்கா?" என்பாய். அப்புறம் ஒரு மாதம் பேச்சு இருக்காது. கடிதம் தேவலை, குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி மைதானத்தின் பின்வேலியை ஒட்டி ஒரு கண்ணாடிப் பட்டறை வந்திருக்கிறது. சன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற இடம். கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பட்டறை வைக்கிற மனுஷனின் புத்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பெண்கள் எப்படி ஆடுவார்கள் என்று உனக்குத் தெரியும். நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. நம் கோலுக்குள் பந்து வரக்கூடாது. கிட்டே வந்தால் யோசிக்காதே, கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடி, எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இந்த வருஷம் நாங்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. எல்லாம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பார்க்க வருகிற பெற்றோர் கையோடு ஸ்வெட்டர் பின்னல் கொண்டுவருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அப்படித் தூக்கி அடித்த பந்து ஒன்று பட்டறைச் சன்னலுக்குள் போய்விட்டது. கண்ணாடிக்காரர் தலைமை ஆசிரியையிடம் போனார். அந்த அம்மா, "எழுத்துல குடுங்க, விளையாட்டு டீச்சரே பதில் குடுப்பாங்க" என்று கையை உதறிவிட்டார். மனுஷன் எழுத்தில் கொடுத்தும்விட்டார். மரியாதையாக எழுதியிருக்கிறார், அதுதான் இன்னும் எரிச்சல். நகல் இணைத்திருக்கிறேன்.

நீ பேருந்துக் கழகத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாய். ஒரு தப்பைக்கூட ஒத்துக்கொண்டதில்லை என்று பெருமை வேறு. சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு "ஜாடிதான் என் கையில வந்து மோதிச்சு" என்று வாதாடினவன் நீ. அதனால்தானே வக்கீல் என்று பேர் வைத்தோம். எனக்கும் ஒரு பதில் எழுதிக் கொடு. நான் ஒன்றும் கெஞ்சவில்லை.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முதுகு, மூட்டு, மனைவி மூவரும் நலம். மூவரும் என்னைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டுப் பயத்துக்காக வாங்கிய நாயும் நலம். இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தோம். அழைப்பு மணி அடித்தால் ஓடிப்போய் என் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறார். நான் ஏற்கெனவே அங்கே இருந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறேன்.

ஜாடி விவகாரத்தில் என் நிலைப்பாடு இன்றும் அதேதான்.

நீ என்னிடம் உதவி கேட்டாய் என்பதை உன் தம்பி பெண்டாட்டி நம்பவில்லை. கடிதத்தை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கள்ளநோட்டைப் பார்ப்பது போல.

கலையைச் சொல்கிறேன், வெளியே விடாதே. முதல் பத்தியில் நன்றி சொல்ல வேண்டும். கோபமாக வந்தவன் நன்றியைக் கேட்டதும் தடுமாறுவான். அந்த நேரம் பார்த்து, இரண்டாம் பத்தியில் அவன் சொன்னது நடந்ததா என்றே சந்தேகத்தைக் கிளப்பிவிடு. மூன்றாம் பத்தியில் கதவைச் சாத்து. ‘மன்னிக்கவும்’ என்ற சொல் எங்கள் அலுவலகக் கணினிக்கே தெரியாது, அடித்தால் அடியில் சிவப்புக் கோடு போடுகிறது. போன வாரம் ஒருத்தர், மழையில் கை காட்டியும் பேருந்து நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். ‘பேருந்து நிற்காதது, தாங்கள் நின்ற இடத்திலிருந்து கிடைத்த தோற்றம்’ என்று பதில் போட்டேன். மனுஷன் அப்புறம் மூச்சு விடவில்லை.

உனக்கான பதில் கீழே. அப்படியே படியெடுத்துக் கையெழுத்துப் போடு.

‘தங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளியின் விளையாட்டில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி. உடைந்ததாகக் கூறப்படும் கண்ணாடி, பந்து வரும்முன் முழுதாக இருந்தது என்பதற்குச் சான்று எதுவும் இணைக்கப்படவில்லை. மேலும், மைதானத்தை விட்டு வெளியேறிய பின் பந்து எடுக்கும் முடிவுகளுக்குப் பள்ளி பொறுப்பாகாது.’

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நானே எழுந்து நின்று ஒரு டீ குடித்தேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 2

வக்கீல் அவர்களுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நாய் மணிச்சத்தத்துக்கு ஒளிகிறது என்றால் அது வளர்ப்பு. நாயைக் குற்றம் சொல்லாதே.

உன் பதிலைக் கொடுத்தேன். மறுநாள் சாயந்திரம் கண்ணாடிக்காரர் வேலி வாசல் வழியாக நேரே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்து விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். மனுஷன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, "டீச்சர், ‘பந்து எடுக்கும் முடிவுகள்’னு எழுதியிருக்கீங்களே, ரெண்டு தரம் படிச்சேன். எனக்கு இவ்வளவு அழகா யாரும் முடியாதுன்னு சொன்னதில்லை" என்றார்.

நான்தான் எழுதினேன் என்ற மாதிரி நின்றேன். போகிற போக்கில் எங்கள் ஓய்வறைச் சன்னலில் விரிசலைப் பார்த்துவிட்டு அளவெடுத்துக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் எடுத்தார். மறுநாள் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். பட்டறைக்காரர் என்றால் அழுக்காக இருப்பார் என்று நினைத்தேன். பளிச்சென்று இருக்கிறார். கண்ணாடியைச் சொல்கிறேன்.

அதற்குள் அடுத்த பந்து போய்விட்டது. அடுத்த புகாரும் வந்துவிட்டது. ஒரு வரி மட்டும் எழுதுகிறேன், பார்: ‘தங்கள் பந்து என் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. கோப்பைக்காக நான் வருந்தவில்லை. ஆனால் அன்றைக்குத் தேநீர் நன்றாக அமைந்திருந்தது.’

இதற்கு என்ன எழுதுவது?

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இன்ஸ்பெக்டர் நேற்று தன் நிழலைப் பார்த்துக் குரைத்தார். வேலையில் சேர்ந்து முதல் நடவடிக்கை.

ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் எனக்கு! இத்தனை வருஷத்தில் என் நடையைப் பாராட்டி ஒரு சொல் வந்ததில்லை. வந்ததெல்லாம் வசவு, அதையும் கோப்பில் போட்டு எண் கொடுத்துவிடுவோம். உன் கண்ணாடிக்காரர் ரசனையுள்ள ஆள். ஆனாலும் எதிர்க்கட்சி எதிர்க்கட்சிதான். விடக்கூடாது. இதோ:

‘தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. பந்துகளுக்கு எட்டும் இடத்தில் திறந்த கோப்பையில் தேநீர் வைத்தது தங்கள் தரப்புக் கவனக்குறைவு. எதிர்காலத்தில் மூடியுள்ள பாத்திரத்தைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’

எழுதி முடித்ததும் வீட்டம்மா வாங்கிப் படித்தாள். "கண்ணாடிக்காரருக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். புகாருக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "சும்மாதான்" என்றாள். அவள் சும்மா என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், எனக்குத் தெரியும். என்ன என்பதுதான் தெரியாது.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். முழங்காலைப் பற்றி ஞாபகமே இல்லை, நீ கேட்டால்தான் உண்டு.

உன் பதிலின் விளைவைக் கேள். மறுநாள் பயிற்சி இடைவேளையில் மனுஷன் ஒரு பிளாஸ்க்கும் இரண்டு கோப்பையுமாக வந்து நிற்கிறார். "உங்க உத்தரவுப்படி மூடி போட்டதுதான் டீச்சர். சரிபார்த்துச் சொல்லுங்க." பிள்ளைகள் முன்னால் என்ன செய்வது? சரிபார்த்தேன். சர்க்கரை குறைவு. சொன்னேன். மறுநாள் சரியாக இருந்தது.

வேலை செய்யும்போது முழங்கை வரை தடித்த தோல் கையுறை போட்டிருப்பார், கண்ணாடி கிழிக்காமல் இருக்க. டீ குடிக்கும்போது மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறதாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். எனக்குக் குடும்பம் இல்லை என்று நானும் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

அவருடைய மூன்றாவது புகார்: ‘பந்து வந்த சமயம் பயிற்சியாளர் ஆட்டத்தைக் கவனிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.’ அபாண்டம். நான் ஆட்டத்தைத்தான் பார்த்தேன். பெரும்பாலும். பதில் காரமாக இருக்கட்டும்.

பி.கு. பச்சைப் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று வாங்கினேன். ஓய்வறைக்குத்தான். புதுக் கண்ணாடியில் வெயில் அடிக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்கா,

எல்லாரும் நலம், கோபத்தில் நான் மட்டும் கொஞ்சம் கொதிப்பு. என் அக்காவின் தொழில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறாரா? இதோ, நறுக்கென்று:

‘பயிற்சியாளர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைத் தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பதை விளக்கவும்.’

வீட்டம்மா இதைப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். வெளியே வந்து, "நீங்க எழுதினதை நீங்களே ஒருதரம் படிங்க" என்றாள். படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி உள்ளே போய்விட்டாள்.

தம்பி

*

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? இங்கே பரீட்சை நேரம். மைதானத்தைப் பூட்டியாயிற்று, பெண்கள் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான் பரீட்சை அறையில் மேற்பார்வை. அதனால் வேலிப்பக்கம் போகவே நேரமில்லை.

உன் ‘விளக்கவும்’ கடிதத்துக்கு அவர் விளக்கம் எழுதவில்லை. பூட்டுவதற்கு முன் ஒருநாள் நேரில் கேட்டேன், தமாஷுக்கு. சிரித்தார். காது சிவந்துவிட்டது. வெயிலாக இருக்கும்.

நேற்று இந்தக் கடிதத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முழுசாக எழுதுகிறேன்:

‘மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு, வணக்கம். கடந்த சில வாரங்களாகப் பந்து எதுவும் வரவில்லை. சன்னல்கள் அனைத்தும் முழுதாக இருக்கின்றன. இது எனக்கு மிகவும் சிரமமாக உள்ளது. காரணம் அறிய விரும்புகிறேன். பிளாஸ்க் தயாராக இருக்கிறது.’

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல். அவசரமில்லை. ஆனால் சீக்கிரம்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் இன்று காலை வந்தது, இதோ மதியமே பதில். அவசரமில்லை என்றாய், இருந்தாலும் உனக்காக.

இந்த வகைப் புகார் எங்களுக்குப் புதிதல்ல. குறை தீர்ந்த பிறகும் எழுதிக்கொண்டே இருப்பார்கள், பழக்கதோஷம். அதற்கென்று அலுவலகத்தில் தயார் வாசகமே இருக்கிறது. ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பு:

‘தாங்கள் சுட்டிக்காட்டிய குறை நீங்கிவிட்டபடியால், இவ்விஷயம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. இது தொடர்பாக மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.’

இதற்கு மேல் ஒரு ஆள் எழுதினதாகச் சரித்திரம் இல்லை. வழக்கு முடிந்தது. ஜெயம் நமக்கே. வீட்டம்மா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், இல்லாவிட்டால் அவளும் கைதட்டியிருப்பாள்.

வெற்றியுடன்,
தம்பி

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? முழங்காலா? பள்ளி விடுமுறையா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் ஏதாவது செய்துவிட்டேனா என்று கேட்கவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

புகார் நின்றதா? ஒரு வார்த்தை பாராட்டினால் கை ஒடிந்துவிடாது.

தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

நலம். பள்ளி திறந்துவிட்டது.

உன் வாசகத்தை அப்படியே படியெடுத்துக் கொடுத்தேன். புகார் நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் தன் செலவில் வேலிமேல் உயரமாகக் கம்பி வலை கட்டிவிட்டார். எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னாராம். இப்போது எவ்வளவு தூக்கி அடித்தாலும் பந்து வலையில் மோதித் திரும்பி வந்துவிடுகிறது. மிகவும் நல்ல ஏற்பாடு. பிளாஸ்க் தொல்லையும் இல்லை.

திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன். இருட்டாக இருந்தது.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். "பாரு, மிகவும் நல்ல ஏற்பாடுன்னு அக்காவே சொல்லிட்டாங்க" என்றார். நான் அந்தக் கடைசி வரியை இன்னொருதரம் படிக்கச் சொன்னேன். படித்தார். "திரைச்சீலைக்கும் வலைக்கும் என்ன?" என்றார்.

உட்காரவைத்துச் சொன்னேன் அண்ணி. ஒரு மனுஷன் சன்னல் உடையவில்லை என்று புகார் எழுதினால் அவன் சன்னலைப் பற்றியா எழுதுகிறான் என்று கேட்டேன். வெகுநேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டார். வெளியே வந்ததும் உங்களுக்கு எழுதுவார்.

நான் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால் அந்தக் காகிதம் தபால் பெட்டியைப் பார்த்திருக்காது.

உங்கள் தம்பி பெண்டாட்டி

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை நிஜமாகக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு தரம் ஆரம்பித்தேன். முதல் தரம், ‘படியெடுத்தது நீதானே’ என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாம் தரம், ‘போதிய தகவல் எனக்கு அளிக்கப்படவில்லை’. கிழித்தேன். மூன்றாம் தரம் எழுதினது உன் கண்ணில் படக்கூடாது, அதில் தபால் துறையைக்கூட இழுத்திருந்தேன். வீட்டம்மா குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "ஜாடி இன்னும் உங்க கையிலதான் மோதிக்கிட்டிருக்கா?" என்றாள்.

அதனால் சுருக்கமாக. தப்பு என்னுடையது.

எழுதிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் தலையைத் தூக்கி ஒரு மாதிரி பார்த்தார்.

புகார் படிப்பது என் தொழில், அக்கா. கோபத்தில் எழுதுகிறவன் எப்படி எழுதுவான் என்று எனக்குத் தெரியும். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்துவான், இரண்டு வரிக்கு ஒருதரம் ‘நடவடிக்கை’ என்பான், உன் குடும்பம் விளங்குமா என்று முடிப்பான். ‘தேநீர் நன்றாக அமைந்திருந்தது’ என்று எவனும் எழுத மாட்டான். அந்த மனுஷன் ஒவ்வொரு தரமும் கதவைத் தட்டினார். நீ ஒவ்வொரு தரமும் என்னைக் கேட்டாய், திறக்கவா என்று. நான் உள்ளேயிருந்து தாழ்ப்பாளின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு நானே ஒரு கடிதம் எழுதட்டுமா? இல்லை, வேண்டாம். நான் எழுதினதெல்லாம் போதும். நீ போய்ப் பேசு. பேச வராது என்று தெரியும், நம் குடும்பத்தில் யாருக்குத்தான் வந்தது? ஆனால் உன் கையில் வேறு ஆயுதம் இருக்கிறது. காலில் என்று சொல்ல வேண்டும்.

தம்பி

*

ஜூலை 9

அடே வக்கீல்,

சுகமோ சுகம். முழங்கால் வீங்கியிருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். பிறகு, திட்டிக்கொண்டே வேலிப்பக்கம் நாலுதரம் நடந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் வருவது தெரிந்ததும் இன்னும் குனிந்தார். கையுறையைக் கழற்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பெண்களை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டதாக நினைத்தேன். பந்தை மைதானத்தின் நடுவில் வைத்தேன். வலை எவ்வளவு உயரம் தெரியுமா? மனுஷன் வேலை சுத்தம். முதல் உதை நேரே வலையில் போய் மோதியது. இரண்டாவது கோணிக்கொண்டு பக்கத்துத் துணி வெளுக்கும் கடைக் கொடியில் போய்த் தொங்கியது. அப்போதுதான் பொருட்கள் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "டீச்சர், கண்ணை மூடாதீங்க! பார்த்து அடிங்க!" மொத்த அணியும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நான் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்ததைத் தலைகீழாக எனக்கே திருப்பிப் போடுகிறார்கள்.

பார்த்து அடித்தேன். வலைக்கு மேலே ஒரு முழம் விட்டுப் போயிற்று பந்து. போய், பட்டறை முகப்பில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில், சட்டம் போட்டுப் பளபளவென்று சாத்திவைத்திருந்தாரே, அதில் நட்டநடுவே விழுந்தது. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பெண்கள் ‘கோல்!’ என்று கத்தினார்கள். எங்கள் மைதானத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

அவர் வெளியே வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலி வாசலைத் திறந்துகொண்டு பந்தோடு வந்தார்.

"பரீட்சை முடிஞ்சுதா டீச்சர்?"

"முடிஞ்சுது."

"இது… பந்து எடுத்த முடிவா?"

உன் மூன்று பத்தியும் ஞாபகம் வந்தது. நன்றி, சந்தேகம், கதவு. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"இல்லைங்க. நான் எடுத்த முடிவு."

மனுஷன் அங்கேயே, மைதானத்தின் நடுவில், கையுறையைக் கழற்றினார். இரண்டையும்.

பிறகு நடந்ததையெல்லாம் தம்பிக்கு எழுத முடியாது. பிளாஸ்க் வந்தது என்று மட்டும் வைத்துக்கொள். மறுநாள் அவரே ஏணி போட்டு ஏறி வலையை அவிழ்த்தார். திரைச்சீலை மறுபடி ஏறிவிட்டது. சனிக்கிழமை ஆட்டத்தில் பெண்கள் முன்னால் ஓடி இரண்டு கோல் போட்டார்கள். பின்னால் ஆள் இல்லாமல் மூன்று வாங்கினோம். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதே இல்லை. ஒரு அம்மா ஸ்வெட்டரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினார்.

ஆகஸ்ட் கடைசியில் பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு கையெழுத்து வேலை இருக்கிறது. சாட்சி வேண்டும். உன்னைக் கூப்பிடுகிறேன். நடந்ததை நடக்கவில்லை என்று அங்கேயும் வாதாடாதே.

அவர் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அந்த வரிகளையெல்லாம் எழுதினது நீதான் என்று சொல்லிவிட்டேன். "அப்படியா! அவரைப் பார்க்கணுமே" என்று ஆசைப்படுகிறார். இதோடு இணைத்திருக்கிறேன்.

உன் அக்கா

*

(இணைப்பு)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

தங்கள் அக்காமீது புகார். என் கடை முகப்புக் கண்ணாடியை உடைத்ததோடு நில்லாமல், தவற்றை உடனே ஒப்புக்கொண்டும் விட்டார். இதனால் நான் எழுதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இனி எந்தச் சாக்கில் தினமும் மைதானத்துக்குப் போவது என்று தெரியவில்லை. தங்கள் துறை அனுபவத்தைக் கொண்டு தக்க ஆலோசனை வழங்கவும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர்

*

ஜூலை 17

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

‘அத்தான்’ என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. ஆகஸ்டுக்குள் பழகிவிடும். இங்கே அனைவரும் நலம். அக்காவின் கடிதத்தை வீட்டம்மா இதுவரை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டாள், அதில் ஒருவர் பால்காரர்.

உங்கள் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து எனக்கும் ஏதோ ஆகிவிட்டது. மழையில் பேருந்தைத் தவறவிட்ட அந்த மனிதருக்கு, ‘தப்பு எங்களுடையது, ஓட்டுநர் நிறுத்தியிருக்க வேண்டும்’ என்று ஒரு பதில் போட்டேன். மறுதபாலில் அவர், ‘உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?’ என்று விசாரித்து எழுதியிருக்கிறார். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். கடிதத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இப்படியும் எழுதலாமாய்யா?" என்றார். எழுதலாம் போலிருக்கிறது சார் என்றேன்.

இனி தங்கள் புகாருக்கு, முறைப்படி:

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அக்காவிடம் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.

தாங்கள் கூறியவை அனைத்தும் நடந்தவையே. சான்று தேவையில்லை. முழுப் பொறுப்பும் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. பந்து எந்த நிலையிலும் குற்றமற்றது.

தினமும் போவதற்குச் சாக்கு இனித் தேவைப்படாது. தினமும் கொஞ்ச நேரம் வெளியே வருவதற்குத்தான் தேவைப்படும். அந்தத் துறையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு, நேரில் சொல்லித் தருகிறேன்.

இவ்விஷயம் முடிந்ததாக எக்காரணம் கொண்டும் கருத வேண்டாம்.

அன்புடன்,
அக்காவின் தம்பி

பி.கு. கையெழுத்துக்கு நானும் வீட்டம்மாவும் இன்ஸ்பெக்டரும் வருகிறோம். இன்ஸ்பெக்டருக்குப் பந்து என்றால் பயம். எனக்கு அக்கா என்றால் பயம். உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா? மூன்று என்றால் இன்னும் விசேஷம். உங்களுக்கும் என்றாவது தேவைப்படும்.